நேரியலற்ற இயங்கியலில் போஸ்ட்டாக்: விளம்பரம் சொல்லாத வேலை

பயன்பாட்டுக் கணிதத் துறைகள் வெளியிடும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிறகான தற்காலிக ஆய்வுப் பதவி) விளம்பரங்களில் நாலைந்தை அடுத்தடுத்துப் படித்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். நேரியலற்ற இயங்கியலிலோ (காரணமும் விளைவும் ஒரே விகிதத்தில் போகாத அமைப்புகள் காலத்தோடு எப்படி மாறுகின்றன என்று ஆராயும் கணிதம்) அதை ஒட்டிய துறையிலோ முனைவர் பட்டம் வேண்டும். வகைக்கெழுச் சமன்பாடுகளிலும் எண்முறைக் கணக்கீட்டிலும் தேர்ச்சி வேண்டும். பைத்தான், மேட்லேப், ஜூலியா என்ற நிரல்மொழிகளில் ஒன்றாவது கைவர வேண்டும். தரவு சார்ந்த முறைகளில் அனுபவம் இருந்தால் நல்லது. காலம் 24 மாதம். நிதியைப் பொறுத்து நீட்டிப்பு. இவ்வளவும் படித்த பிறகும், அங்கே போய் உட்கார்ந்தால் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்யப் போகிறோம் என்பது மட்டும் பிடிபடாது.

விளம்பரம் எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கருவிகளைப் பட்டியல் போடலாம். இந்த வேலை உண்மையில் கேட்கும் திறமையைப் பட்டியல் போட முடியாது. சிக்கலான ஓர் அமைப்பிலிருந்து எதையெல்லாம் கழித்துவிட்டாலும் அதன் நடத்தை அப்படியே நிற்கும் என்று கண்டுபிடிப்பதுதான் அந்தத் திறமை. முனைவர் பட்டக் காலத்தில் இந்த முடிவைப் பெரும்பாலும் வழிகாட்டியே எடுத்துக் கொடுத்துவிடுவார். போஸ்ட்டாக் காலத்தில் அது நம் தலையில் விழுகிறது. எந்தக் கேள்வியை எடுப்பது, எதை இப்போதைக்கு விடுவது என்பதும் சேர்ந்தே விழுகிறது.

கழிக்கத் தெரிந்தவர்கள்

நேரியல் அமைப்பில் காரணத்தை இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும். சிக்கலைத் துண்டாக்கி, துண்டு துண்டாக விடை கண்டு, விடைகளைக் கூட்டிவிடலாம். பொறியியல் பாடங்களில் பெரும்பகுதி இந்த ஒரு வசதியை நம்பித்தான் நிற்கிறது. நேரியலற்ற அமைப்பில் அது கிடையாது. துண்டுகள் ஒன்றோடொன்று வினைபுரியும். பெரும்பாலான சமன்பாடுகளுக்குத் தீர்வைச் சூத்திரமாக எழுதவே முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூன்று வான்பொருள்களின் இயக்கத்தை ஆராய்ந்த ஆன்ரி புவான்கரே, சூத்திரத்தைத் தேடுவதை ஒதுக்கிவைத்துவிட்டு, தீர்வுகள் ஒட்டுமொத்தமாக எந்த வடிவத்தில் ஓடுகின்றன என்று கேட்கத் தொடங்கினார். துறை அங்கிருந்து கிளம்பியது.

வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரென்ஸின் பெயரைச் சொன்னால், 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று கொடுத்துக் கணினியை ஓட்டி, முற்றிலும் வேறொரு வானிலையைப் பெற்ற கதைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அவருடைய 1963ஆம் ஆண்டுக் கட்டுரையில் எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது வேறொன்று. அடியில் சூடாக்கப்பட்ட பாய்மம் சுழல்வதை விளக்க பேரி சால்ட்ஸ்மன் ஏழு மாறிகள் கொண்ட சமன்பாடுகளை வைத்திருந்தார். சில நிலைமைகளில் நான்கு மாறிகள் மெல்லப் பூச்சியத்தில் அடங்கின. மீதி மூன்று மட்டும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் அலைந்துகொண்டே இருந்தன. லோரென்ஸ் அந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். உண்மையான வளிமண்டலத்தின் படமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கேயாஸ் (தொடக்கத்தில் ஒரு துளி மாறினாலும் முடிவு முற்றிலும் மாறிவிடும் ஒழுங்கற்ற இயக்கம்) எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்ட அந்த மூன்றே போதும்.

நரம்பணுவிலும் இதுவே நடந்தது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை அளந்து, நான்கு மாறிகளில் மின்துடிப்பை விவரித்தார்கள். 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1961இல் ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஹியூ அதை இரண்டு மாறிகளாகச் சுருக்கினார். அயனிகளின் கணக்கு அதில் காணாமல் போனது. ஆனால் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் துடிப்பு, துடித்த பிறகு சற்று நேரம் ஓய்வு என்ற இரண்டு குணங்களும் அப்படியே இருந்தன. அதோடு, இரண்டு மாறி என்பதால் முழு நடத்தையையும் ஒரு தாளில் வரைந்துவிடலாம். அதே 1961இல் ஹென்றி ஸ்டொம்மல், பெருங்கடலையே இரண்டு பெட்டிகளாகச் சுருக்கினார். ஒன்று வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர். மற்றொன்று குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர். ஒரே வெளிச்சூழலில் இரண்டு வெவ்வேறு நீரோட்டங்கள் நிலையாக இருக்க முடியும் என்று அந்தப் பெட்டிகள் காட்டின. அட்லாண்டிக் நீரோட்டம் திடீரென்று வலுவிழக்குமா என்று இன்று நடக்கும் விவாதங்களில் கணிதப் பக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பருவநிலைத் திருப்புமுனைகள் பற்றிய போஸ்ட்டாக் விளம்பரங்கள் ஸ்டொம்மலின் கேள்வியைத்தான் புதிய கருவிகளோடு திரும்பக் கேட்கின்றன.

கழிப்பதில் தவறும் நேரலாம். லண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10இல் திறக்கப்பட்டு, பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டது. அதிர்வுத் தணிப்பிகள் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். 2005இல் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் உடன் ஆய்வாளர்களும் நடப்பவர் ஒவ்வொருவரையும் ஓர் அலையியற்றியாக (ஒரு தாளத்தில் திரும்பத் திரும்ப அசையும் ஒன்றாக) எடுத்துக்கொண்டார்கள். 1975இல் யோஷிகி குராமோட்டோ தந்த ஒத்திசைவு மாதிரியின் வழியில், கூட்டம் ஓர் எல்லையைத் தாண்டியதும் எல்லோரும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுவதையும் பாலம் ஆடத் தொடங்குவதையும் விளக்கினார்கள். அழகான விளக்கம். பாடநூல்கள் உடனே ஏற்றுக்கொண்டன. 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஒத்திசைவே இல்லாமலும் பாலம் ஆடத் தொடங்கலாம் என்றது. தடுமாறாமல் இருக்க ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காலடியை மாற்றி வைப்பதே சராசரியில் பாலத்துக்கு ஆற்றலைக் கொடுத்துவிடும். ஒத்திசைவு அதன் பிறகு வரும் விளைவாகவும் இருக்கலாம். முதல் மாதிரி கழித்துவிட்ட ஒரு சிறிய விவரத்தில்தான் சங்கதி இருந்திருக்கலாம் என்று பொருள். நேர்காணலில், "உங்கள் மாதிரியில் எதை விட்டுவிட்டீர்கள், ஏன்?" என்ற கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கணினி சொல்வதை எவ்வளவு நம்புவது

விளம்பரத்தில் 'எண்முறைக் கணக்கீடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பகுதிதான் அன்றாட வேலையில் அதிக நேரத்தை விழுங்குகிறது. சமன்பாட்டைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எளிது. ஓட்டிப் பார்த்தால் தெரிவது நிலையான தீர்வுகள் மட்டுமே. நிலையற்றவை கண்ணில் படாது, ஏனென்றால் சிறு பிழை ஏற்பட்டாலும் ஓட்டம் அவற்றை விட்டு விலகிவிடும். ஆனால் அமைப்பு எப்போது ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பதை முடிவு செய்வது அந்த நிலையற்ற தீர்வுகள்தான். நிலையான ஒரு தீர்வும் நிலையற்ற ஒரு தீர்வும் நெருங்கி வந்து, மோதி, இரண்டுமே மறைந்துபோகும் இடத்தில்தான் தாவல் நிகழ்கிறது. சமன்பாட்டின் ஓர் எண்ணை மாற்றும்போது தீர்வுகளின் எண்ணிக்கையோ தன்மையோ இப்படி மாறுவதைக் கிளைப்பிரிவு என்பார்கள்; அதன் வகைகளிலேயே மிக எளிமையானது இது.

எனவே ஓட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அளவுருவை, அதாவது சமன்பாட்டின் அந்த எண்ணை, சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே தீர்வை விடாமல் பின்தொடரும் முறை ஒன்று வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்வு நிலையானதா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல. யூசிபியஸ் டூடல் 1980ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய 'ஆட்டோ' நிரல், பார்ட் எர்மன்ட்ரவுட்டின் 'எக்ஸ்பிபிஆட்டோ', மேட்லேப்பில் ஓடும் 'மேட்கான்ட்', இப்போது ஜூலியாவில் 'பைஃபர்கேஷன்கிட்' எல்லாம் இந்த வேலைக்கானவை. இவற்றில் ஒன்றைப் பழகியவருக்கும் வெறுமனே ஓட்டிப் பார்த்துப் பழகியவருக்கும் உள்ள வித்தியாசம் விண்ணப்பத்தில் இருக்கும் ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

கேயாஸ் வந்துவிட்டால் இன்னொரு சிக்கல். லோரென்ஸ் சமன்பாடுகளில், அவர் எடுத்துக்கொண்ட அதே அளவுருக்களுக்கு, சிறு பிழை எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று சொல்லும் லியாபுனோவ் எண்களில் மிகப் பெரியது ஏறத்தாழ 0.906. கணினி வழக்கமாக 16 இலக்கத் துல்லியத்தில் கணக்கிடுகிறது. 16ஆவது இலக்கத்தில் உள்ள பிழை பெருகிப் பெருகித் தீர்வின் அளவையே எட்ட ஏறத்தாழ 40 கால அலகு போதும். அதற்குப் பிறகு இரண்டு கணினிகள், ஏன் ஒரே கணினியில் இரண்டு விதமான படிநீளங்கள்கூட (கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னேறும் காலத் துண்டுகள்), ஒரே பாதையைக் காட்டா. அப்படியென்றால் படத்தில் தெரியும் அந்தப் பிரபலமான வண்ணத்துப்பூச்சி வடிவம் உண்மையானதா, கணினிப் பிழை வரைந்ததா? ஸ்டீபன் ஸ்மேல் 1998இல் தொகுத்த அடுத்த நூற்றாண்டுக்கான கணிதப் புதிர்களில் இது 14ஆவது. முனைவர் பட்ட மாணவராக இருந்த வார்விக் டக்கர், ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் ஓர் இடைவெளியை வைத்துக் கணக்கிட்டு, பிழை எங்கும் தப்பிப் போகாதபடி கட்டுப்படுத்தி, அந்த வடிவம் உண்மையில் இருக்கிறது என்று 1999இல் நிரூபித்தார். எல்லாப் பணியிடங்களும் இந்த அளவு கடுமையைக் கேட்பதில்லை. ஆனால் தன் படத்தில் எந்தப் பகுதியை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் இயந்திரக் கற்றலையும் சொல்லிவிட வேண்டும். தரவிலிருந்தே சமன்பாட்டைப் பொறுக்கியெடுக்கும் 'சிண்டி' முறையை பிரன்டன், பிராக்டர், குட்ஸ் மூவரும் 2016இல் முன்வைத்தார்கள். 2018இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகக் குழு, சமன்பாடே தெரியாமல், தரவை மட்டும் கொண்டு கேயாஸ் கொண்ட ஒரு பெரிய அமைப்பைக் கணிசமான காலத்துக்கு முன்கூட்டிக் கணித்துக் காட்டியது. அதன் பிறகு விளம்பரங்களில் 'இயந்திரக் கற்றல்' என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. சில இடங்களில் அது உண்மையான தேவை. சில இடங்களில் நிதி கேட்ட விண்ணப்பத்துக்குப் போட்ட பவுடர். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: குழுவின் அண்மைக் கட்டுரைகளில், கற்ற மாதிரி எந்த இடத்தில் தவறுகிறது என்று காட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது.

யாருடைய பணம்

பதவியின் தன்மையைப் பணம்தான் முடிவு செய்கிறது. பேராசிரியர் ஒருவர் வென்ற திட்டநிதியிலிருந்து வரும் பதவி ஒரு வகை. ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தின் தொடக்கநிலை நிதி ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை போகும். அதில் ஒரு பங்கு போஸ்ட்டாக் சம்பளம். இத்தகைய இடத்தில் கேள்வி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. திட்டம் எந்த ஆண்டில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். முதல் ஆண்டில் சேர்பவர் திசையை மாற்றலாம். நான்காம் ஆண்டில் சேர்பவர் வாக்குறுதியை நிறைவேற்றத்தான் முடியும்.

இரண்டாவது வகை, துறையே தரும் பதவி. அமெரிக்கக் கணிதத் துறைகளில் இது பெரும்பாலும் மூன்று ஆண்டு. கற்பித்தலும் சேர்ந்து வரும். எம்ஐடியின் மூர், யேலின் கிப்ஸ் என்று ஒருவர் பெயரால் அமைந்த பதவிகள் இந்த மரபில் வந்தவை. பாடச்சுமை இருக்கும், ஆனால் என்ன ஆராய வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்த இடங்களுக்கு அமெரிக்கக் கணிதக் கழகம் நடத்தும் 'மேத்ஜாப்ஸ்' இணையதளம் வழியாகவே பெரும்பாலும் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள்கள் நவம்பர், டிசம்பரில் குவியும். ஐரோப்பிய விளம்பரங்களுக்கு அப்படி ஒரு பருவம் கிடையாது, ஆண்டு முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, நாமே எழுதி வெல்லும் நல்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ ஸ்க்வோதோவ்ஸ்கா கியூரி நல்கை, ஜெர்மனியின் ஹம்போல்ட் நல்கை போன்றவை. முன்னதற்கு இடப்பெயர்வு விதி உண்டு: போக நினைக்கும் நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. முதல் போஸ்ட்டாக்கை ஜெர்மனியில் முடித்துவிட்டு அங்கேயே இந்த நல்கையில் தொடரலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இந்த விதியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஜெர்மனிக்கு இன்னொரு விதியும் இருக்கிறது. தகுதி வளர்ப்புக்கான தற்காலிக ஒப்பந்தங்களில் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று பொதுவாக உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். சம்பளம் அங்கே பொதுத்துறை ஊதிய அட்டவணைப்படி வரும். பேரம் பேச அதிக இடமில்லை. அமெரிக்காவில் அப்படி ஒரே அட்டவணை கிடையாது. தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2024க்கு அறிவித்த தொடக்க நிலைத் தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். பல பல்கலைக்கழகங்கள் அதைத் தங்கள் ஊதியத்துக்கு அளவுகோலாக வைத்துக்கொள்கின்றன.

ஈராண்டுக் கணக்கு

இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகளுக்கும் இந்தப் பதவியின் நீளத்துக்கும் பொருத்தம் குறைவு. இயற்பியலாளர் மிட்செல் ஃபைகன்பாம் 1970இல் பட்டம் பெற்று, கார்னலில் இரண்டு ஆண்டு, வர்ஜீனியா பாலிடெக்னிக்கில் இரண்டு ஆண்டு இருந்தார். அந்த நான்கு ஆண்டுகளில் அவர் பெயரில் வெளிவந்தது மிகக் குறைவு. முதல் ஆண்டு முடிந்ததுமே அடுத்த இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்ததை அவரே பின்னால் குறைபட்டுச் சொன்னதுண்டு. 1974இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு, சட்டைப்பை அளவுக் கணிப்பான் ஒன்றை வைத்துக்கொண்டு, அமைப்புகளின் சுழற்சிக் காலம் இரட்டித்து இரட்டித்துக் கேயாஸை நோக்கிப் போகும்போது 4.669 என்ற ஒரே எண் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். முக்கியக் கட்டுரை 1978இல்தான் வெளிவந்தது. இன்றைய தேர்வுக் குழு ஒன்று 1974இல் அவருடைய வெளியீட்டுப் பட்டியலைப் பார்த்திருந்தால் அடுத்த கட்டத்துக்கு அழைத்திருக்குமா என்பது சந்தேகம்.

ஃபெர்மி, பாஸ்டா, உலாம் மூவரும் மேரி சிங்கூ எழுதிய நிரலைக் கொண்டு மேனியாக் கணினியில் செய்த சோதனையும் அப்படித்தான். சுருள்வில்லால் பிணைத்த ஒரு வரிசைத் துகள்களில் நேரியலற்ற சிறு விசையைச் சேர்த்தால், ஆற்றல் எல்லா அதிர்வு வகைகளுக்கும் பரவிச் சமமாகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். பரவிய ஆற்றல் தொடங்கிய இடத்துக்கே ஏறத்தாழத் திரும்பி வந்தது. அறிக்கை 1955இல் எழுதப்பட்டது; அதற்கு ஒரு நல்ல விளக்கம் 1965இல் ஜபுஸ்கியும் குருஸ்கலும் வடிவம் குலையாமல் ஓடும் சாலிட்டான் அலைகளைக் காட்டிய பிறகுதான் கிடைத்தது.

ஆகவே, 24 மாதத்தில் பெரிய கேள்விக்கு விடை காண்பேன் என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதுவது தைரியமாகத் தோன்றாது, அனுபவமின்மையாகத்தான் தோன்றும். படிப்பவர்கள் தேடுவது வேறு: பன்னிரண்டு, பதினைந்து மாதத்தில் முடிவு காணக்கூடிய ஒரு கேள்வி, பதிலே எதிர்மறையாக வந்தாலும் எழுதத் தகுந்தது. அதன் பக்கத்தில், நேரம் கிடைக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்க ஒரு நீண்ட கேள்வி. கணித இதழ்களில் மதிப்பீட்டுக்கே ஓராண்டு போய்விடுவதுண்டு. முதல் ஆண்டின் முடிவில் ஒரு கட்டுரையாவது, இதழில் வரும் முன்பே கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் ஆர்கைவ் தளத்தில் ஏறியிருக்காவிட்டால், அடுத்த வேலைக்கான விண்ணப்பத்தில் அது எண்ணப்படாது. அந்த விண்ணப்பமும் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே போயாக வேண்டும். உண்மையில் ஆராய்ச்சிக்குக் கிடைப்பது 24 மாதம் அல்ல, சுமார் 15 மாதம்.

பெயர் வரிசையும் இங்கே ஒரு பிரச்சினை. கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம்; உயிரியலிலும் இயற்பியலின் பல பகுதிகளிலும் முதல் பெயருக்குத்தான் மதிப்பு. பயன்பாட்டுக் கணிதக்காரர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். கூட்டு வேலையின் தொடக்கத்திலேயே இதைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. கட்டுரை எழுதி முடித்த பிறகு பேசினால் கசப்புத்தான் மிஞ்சும்.

விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளில் சொல்ல அதிகமில்லை. பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்பார்கள். மூன்றும் ஒரே துறையிலிருந்து வராமல், ஒன்றாவது நம்மோடு கட்டுரை எழுதாதவர் கையிலிருந்து வந்தால் எடை கூடும். நிரலைப் பொதுவில் வைத்திருப்பது உதவும். சியாம் (தொழில்துறை, பயன்பாட்டுக் கணிதக் கழகம்) ஈராண்டுக்கு ஒருமுறை நடத்தும் இயங்கியல் அமைப்புகள் மாநாடு போன்ற இடங்களில் பேசியிருந்தால் பெயராவது தெரிந்திருக்கும்.

இடம் கிடைத்து, ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் சம்பளமும் விசாவும் எளிதானவை, தயங்காமல் கேட்டுவிடுகிறோம். வாரத்தில் எத்தனை நாள் என் சொந்தக் கேள்விக்கு? பதவி முடிந்து போகும்போது எந்தக் கேள்வியை நான் எடுத்துப் போகலாம், எது குழுவோடு தங்கும்? இவற்றைக் கேட்கத்தான் நாக்கு எழாது. பின்னால் சொந்தக் குழு அமைக்கும்போது கையில் என்ன இருக்கும் என்பது அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. பேராசிரியரிடம் நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், அவரிடம் முன்பு வேலை செய்த இரண்டு போஸ்ட்டாக்குகளுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். அவர்கள் இப்போது எந்தச் சிக்கலில் வேலை செய்கிறார்கள் என்று கேட்டாலே போதும்.